தர்மபுரியில இருந்து ஏர்போர்ட் எத்தனை மணி நேரம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் தர்மபுரியில வாடகை கார் ஓட்டுறவன்ங்க. 2003ல இருந்து ஸ்டீரிங் பிடிக்கிறேன், அதுல பாதிக்கு மேல ஏர்போர்ட் டிராப்பும் பிக்கப்பும்தான். போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு கட்டம் போட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்னு போட்டிருந்தீங்க. ரோட்டுல 350 கிலோமீட்டர் ஆறு மணி நேரம், விமானத்துல ஒரு மணி நேரம்னு இருந்துச்சு. ஸ்டாண்ட்ல டீ குடிச்சிட்டே படிச்சேன், பக்கத்துல இருந்த பசங்களும் வாங்கிப் படிச்சாங்க. கணக்கு தப்புன்னு சொல்ல நான் இதை எழுதலைங்க ஐயா. ஆனா அந்தக் கட்டத்தைப் பார்த்து ஊருல ஜனங்க வண்டி கிளம்புற நேரத்தை முடிவு பண்றாங்க, அதுல ஃப்ளைட்டை விட்டுட்டு நிக்கிறவங்களை நான் கண்ணால பார்த்திருக்கேன், அதுக்காகத்தான் எழுதறேன்.

போன வருஷம் ஐப்பசியில பென்னாகரம் பக்கத்து கிராமத்துல இருந்து ஒரு டிராப் வந்துச்சு. பையனுக்கு 23 வயசு இருக்கும், வளைகுடா நாட்டுல வேலை, முதல் தடவையா விமானம் ஏறப்போறான். காலையில பத்து பத்துக்கு பெங்களூரு ஏர்போர்ட்ல இருந்து ஃப்ளைட். நான் போன்லயே சொன்னேன், ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டை விட்டு கிளம்பணும்னு. பையனோட தாய்மாமன்தான் போன்ல பேசினார், அவரு சொன்னது என்னன்னா, டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜெண்ட் நாலு மணி நேரம் போதும்னு சொல்லிட்டாரு, நானும் இப்பதான் மேப்ல போட்டுப் பார்த்தேன் மூணே முக்கால் மணி நேரம்னு காட்டுது, அப்புறம் எதுக்குப்பா அர்த்த ராத்திரியில கிளம்பணும், நாலு மணிக்கு வண்டியைக் கொண்டு வா அப்படின்னாரு. அவரு மேப் போட்டுப் பார்த்தது ராத்திரி பதினோரு மணிக்கு! அந்த நேரத்துக்கு மேப் சொன்னது நூத்துக்கு நூறு சரி, ராத்திரி பதினொண்ணுக்குக் கிளம்பினா மூணே முக்கால் மணி நேரத்துல போயிரலாம்தான். ஆனா நாங்க பெங்களூருக்குள்ள நுழையப்போறது காலை ஏழரைக்கு. அதை நான் அழுத்திச் சொல்லியிருக்கணும், ஒரு தடவை சொல்லிட்டு விட்டுட்டேன், அது இன்னிக்கும் மனசுல உறுத்துது.

நாலு மணிக்குக் கிளம்பணும்னு பேச்சு, அழுகையும் திருநீறும் முடிஞ்சு வண்டி நகரும்போது நாலு பத்து. பென்னாகரத்துல இருந்து தர்மபுரி வரவே 30 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. தர்மபுரி தாண்டும்போது அஞ்சு, கிருஷ்ணகிரி டோல்கேட்ல அஞ்சே முக்கால், ஓசூர்ல ஆறே முக்கால், அத்திப்பள்ளியில ஏழு அஞ்சு. அதுவரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போச்சு, பையன் முன்சீட்டுல உக்காந்து கண்ணாடி வழியா பார்த்துட்டே வந்தான், மாமன் பின்னாடி தூங்கிட்டாரு. பொம்மசந்திராவுல புடிச்சுது பாருங்க. கம்பெனி பஸ்ஸு, ஸ்கூல் வேன், லாரி, டூ வீலர், எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குக் காசு கட்டி மேல ஏறினோம், மேல 10 கிலோமீட்டர் சர்ருன்னு போயிரும், ஆனா பாலம் இறங்குற இடம் சில்க் போர்டு ஜங்ஷன், அங்க இறங்கவே இருபது நிமிஷம். சில்க் போர்டு தாண்டும்போது எட்டே கால். ஊருக்கு வடக்க இருக்கிற ஹெப்பால் வர்றப்ப ஒன்பது பதினஞ்சு. அந்த ஒரு மணி நேரத்துல வண்டி ஓடினது 20 கிலோமீட்டர்கூட இருக்காதுங்க. மாமன் எந்திரிச்சு உக்காந்து மணியைக் கேட்டுட்டே இருந்தாரு, பையன் ஒரு வார்த்தை பேசலை, மடியில வெச்சிருந்த ஃபைலை ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு இருந்தான். எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது.

ஒன்பது நாப்பதுக்கு ரெண்டாவது டெர்மினல் வாசல்ல இறக்கினேன். வெளிநாட்டு ஃப்ளைட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கவுன்ட்டரை மூடிருவாங்க, அதாவது ஒன்பது பத்துக்கு. விமானம் இன்னும் அரை மணி நேரம் அங்கயேதான் நிக்கும், ஆனா ஏற முடியாது. கால் மணி நேரத்துல பையன் திரும்பி வெளிய வந்தான். அவன் பேக்ல அவங்க அம்மா கட்டிக் கொடுத்த புளி, கேழ்வரகு மாவு, எள்ளுருண்டை, மேல மார்க்கர்ல பெரிய எழுத்துல பேர் எழுதி நைலான் கயிறு சுத்தியிருந்துச்சு. அந்த பேக் மேலயே உக்காந்துட்டான். மறுநாள் விடியக்காலை டிக்கெட்டுக்கு ஊருக்குப் போன் போட்டு, தோட்டை அடகு வெச்சு காசு அனுப்புனாங்க. அன்னிக்கு ராத்திரி மூணு பேரும் வண்டியிலயேதான் படுத்தோம்.

இதுல யாரு பொய் சொன்னாங்க சொல்லுங்க? ஏஜெண்ட் சொன்னதும் ஒரு கணக்குல சரி, மேப் சொன்னதும் சரி, ஆனா எந்த நேரத்துக்குக் கிளம்பினா அந்தக் கணக்குன்னு யாரும் சொல்லலை.

தூரத்தை முதல்ல பார்ப்போம். தர்மபுரியில இருந்து கிருஷ்ணகிரி 45 கிலோமீட்டர், அங்கிருந்து ஓசூர் 50, ஓசூர்ல இருந்து பெங்களூரு 40 கிட்ட, அதுக்கு மேல தேவனஹள்ளி ஏர்போர்ட் 35. மொத்தம் 170 கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க. இப்ப அதியமான்கோட்டையில இருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியா ஓசூருக்கு நாலு வழிச்சாலை வந்ததுல கிருஷ்ணகிரி சுத்தாம போக முடியுது, அதுல கொஞ்சம் மிச்சம். இந்த 170 கிலோமீட்டரை விடியக்காலை மூணு மணிக்கு ஏர்போர்ட்ல இருக்கிற மாதிரி ராத்திரியில ஓட்டினா மூணு மணி நேரம். காலை எட்டு மணிக்கு சில்க் போர்டுல மாட்டுற மாதிரி ஓட்டினா நாலே முக்கால், மழை பேஞ்சா அஞ்சரை, சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கும் அதே கதைதான். தூரம் ஒண்ணுதான், ஒரு கிலோமீட்டர் கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஓசூர் வரைக்கும் உள்ள 95 கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம், அது எப்பவும் பெரிசா மாறாது. மீதி 75ல தான் எல்லாப் பாடும். அதனால எங்க ஸ்டாண்ட்ல யாரும் எத்தனை கிலோமீட்டர்னு கேக்க மாட்டோம், எத்தனை மணிக்கு ஃப்ளைட்டுன்னுதான் கேப்போம்.

சில பேர் ஓசூர்ல இருந்து பாகலூர், மாலூர், ஹொஸ்கோட்டே வழியா சுத்திப் போவாங்க. சில்க் போர்டு பக்கமே போக வேண்டாம், அதனால காலை நேரத்துல அது நல்ல வழி. ஆனா ரோடு சின்னது, ஊருக்கு ஊரு வேகத்தடை, ராத்திரியில வெளிச்சம் கிடையாது, புது ஆளு ஓட்டினா திணறிப்போவான். பகல்ல நானும் அப்படித்தான் போறேன், பார்ட்டிகிட்ட முன்னாடியே சொல்லிடுவேன்.

பெங்களூருக்கு முன்ன ஏர்போர்ட் இருந்தது எச்.ஏ.எல். விமானக் கம்பெனி பக்கத்துல. நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்ச புதுசுல சில்க் போர்டு தாண்டி கொஞ்ச தூரத்துல வேலை முடிஞ்சுரும். 2008 மே மாசம் தேவனஹள்ளிக்கு மாத்தினாங்க. பெங்களூருக்கு வடக்க இருக்கிறவங்களுக்கு அது பக்கம் வந்துச்சு, தெற்க இருக்கிற நமக்கு ஊரையே ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் கிழிச்சுட்டுப் போகணும்னு ஆயிருச்சு. அன்னியில இருந்து ஆனேக்கல்லு தாண்டி ஓசூரு, கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் வரைக்கும் உள்ள ஜனங்க அத்தனை பேரும் அந்த ஊர் டிராஃபிக்குக்குள்ள பூந்துதான் வெளிநாடு போறாங்க. ஓசூர், தளி பக்கம் விளையிற ரோஜாவும் அப்படித்தான், பிப்ரவரி மாசம் வெளிநாட்டுக்குப் போற பூ பெட்டிங்க குளிர் வண்டியில ராத்திரியோட ராத்திரியா அந்த ரோட்டுலதான் ஓடுது, பூவுக்கு இருக்கிற அவசரம் மனுசனுக்கும் இருக்குல்லங்க.

விமானத்துல ஒரு மணி நேரம்னு போட்டிருந்தீங்களே, அதையும் சொல்லிடறேன். சென்னை ஏர்போர்ட்டுக்கும் பெங்களூரு ஏர்போர்ட்டுக்கும் ஆகாயத்துல நேர்கோடு போட்டா 270 கிலோமீட்டர்கூட வராது. விமானம் மேல பறக்கிறது நாப்பது நிமிஷம் கிட்டத்தான். டிக்கெட்ல ஒரு மணி நேரம் சொச்சம்னு போடுறது, இங்க கதவை சாத்தி நகர ஆரம்பிச்சதுல இருந்து அங்க போய் நிக்கிற வரைக்கும் உள்ள கணக்கு. ரன்வேல வரிசையில நிக்கிறதும் அதுக்குள்ள வந்துரும். ஆனா வீட்டுல இருந்து ஏர்போர்ட் போற நேரம், உள்நாட்டு ஃப்ளைட்னா ரெண்டு மணி நேரம் முன்னாடி வெளிநாடுன்னா மூணு மணி நேரம் முன்னாடி போய் உக்கார்ற நேரம், இறங்கி பேக்குக்காக பெல்ட்டுகிட்ட நிக்கிற நேரம், அங்கிருந்து போக வேண்டிய இடத்துக்குப் போற நேரம், இது எதுவுமே அந்த ஒரு மணி நேரத்துல கிடையாது. ரோட்டுல ஆறு மணி நேரம்னு போடுறது மட்டும் கிளம்புற இடத்துல இருந்து சேர்ற இடம் வரைக்கும் உள்ள முழுக் கணக்கு. ஒண்ணு அரிசியை அளந்த கணக்கு இன்னொண்ணு சோத்தை அளந்த கணக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க?

மயிலாப்பூர்ல இருக்கிற ஒருத்தர் ஒயிட்ஃபீல்டுக்குப் போறதா வெச்சுக்கோங்க. வீட்டுல இருந்து மீனம்பாக்கம் முக்கால் மணி நேரம், அங்க உக்கார்றது ஒன்றரை மணி நேரமாவது, பறக்கிறது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம், இறங்கி வெளிய வர்றது அரை மணி நேரம், தேவனஹள்ளியில இருந்து ஒயிட்ஃபீல்டு ஒன்றேகால் மணி நேரம். கூட்டிப் பாருங்க, அஞ்சு மணி நேரம் வந்துருது.

எங்க ஊருல இருந்து சென்னைக்கு விமானம்னா சேலம்தான், ஓமலூர் கிட்ட காமலாபுரத்துல இருக்கு. 2018ல சின்ன ஊருகளுக்கு விமானம் விடுற உடான் திட்டத்துல சென்னைக்கு விமானம் விட்டாங்க, நடுவுல நின்னு போச்சு, 2023 அக்டோபர்ல மறுபடி ஆரம்பிச்சாங்க. தர்மபுரியில இருந்து அதுக்கு ஒரு மணி நேரம் போட்டுக்கலாம், ஆனா நடுவுல தொப்பூர் கணவாய் இருக்கு. அந்த இறக்கத்துல ஒரு லாரி பிரேக் பிடிக்காம சாஞ்சுட்டா பாளையம் டோல்கேட் வரைக்கும் வண்டி நிக்கும், எத்தனை உசுரு அங்க போயிருக்குன்னு நம்ம ஜில்லாக்காரங்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால நான் காமலாபுரம் டிராப்புன்னா எப்பவும் ஒரு மணி நேரம் கூட்டித்தான் சொல்லுவேன். ரெண்டு மணி நேரம் ரோட்டுக்கு, ஒன்றரை மணி நேரம் காத்திருக்க, ஒரு மணி நேரம் பறக்க, மீனம்பாக்கத்துல இருந்து ஊருக்குள்ள ஒரு மணி நேரம், ஆக அஞ்சரை. காரிலயே சென்னை போனா 300 கிலோமீட்டர், அதுவும் அஞ்சரை ஆறு மணி நேரம்தான். வயசானவங்க, முடியாதவங்க, உக்காந்து வர முடியாதவங்களுக்கு விமானம் பெரிய உதவி, அதை நான் மறுக்கலை. போன மாசம் டயாலிசிஸ் பண்ணிக்கிற ஒரு அம்மாவை அப்படித்தான் காமலாபுரத்துல விட்டேன். அவங்க நேரத்துக்காகப் போகலை, குலுங்காம போகணும்னு போனாங்க.

இன்னொரு விஷயம் இருக்குங்க, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. பெங்களூரு ஏர்போர்ட் ஒப்பந்தத்துல, அதைச் சுத்தி 150 கிலோமீட்டருக்குள்ள வேற ஒரு இன்டர்நேஷனல் ஏர்போர்ட் 25 வருஷத்துக்கு வரக்கூடாதுன்னு இருக்கு, மைசூரும் ஹாசனும் மட்டும் விதிவிலக்கு, அது 2033 வரைக்கும். இந்த 150 கிலோமீட்டர் ரோட்டுக் கணக்கு இல்லை, ஆகாயத்துல நேர்கோட்டுக் கணக்கு. அந்தக் கணக்குல தேவனஹள்ளியில இருந்து ஓசூர் 55 கிலோமீட்டர் கிட்ட, கிருஷ்ணகிரி 95 கிட்ட, தர்மபுரி 130 கிட்ட. எல்லாமே வட்டத்துக்குள்ள. ரோட்டுல நாங்க 170 கிலோமீட்டர் ஓடுறோம், அஞ்சு மணி நேரம் கூட ஆகுது, ஆனா காகிதத்துல நாங்க பக்கத்து ஊருக்காரங்க! 2024 ஜூன்ல முதலமைச்சர் ஸ்டாலின் அவர்கள் ஓசூர்ல 2000 ஏக்கர்ல, வருஷத்துக்கு 3 கோடி பேர் வந்து போற மாதிரி ஏர்போர்ட் வரும்னு சட்டசபையில அறிவிச்சாரு, எங்க ஸ்டாண்ட்ல அன்னிக்கு ஸ்வீட் வாங்கி சாப்பிட்டோம். அது வந்தா தர்மபுரிக்காரன் ஒன்றே முக்கால் மணி நேரத்துல ஏர்போர்ட்ல இருப்பான், அந்தப் பையனும் நாலு மணிக்குக் கிளம்பி ஏழு மணிக்கெல்லாம் உள்ள போயிருப்பான். அதுக்கு இந்த நேர்கோடு குறுக்க நிக்குது. தூரத்தை எதை வெச்சு அளக்கறோம்ங்கறது வெறும் கணக்குப் பாடம் இல்லைங்க ஐயா, அதுல ஒரு ஜில்லாவோட பொழப்பே இருக்கு. நிலம் போறவங்க பாடு வேற, அவங்களுக்கும் நியாயமா செய்யணும், அதையும் சேர்த்தேதான் சொல்றேன்.

புதுசா ஹொஸ்கோட்டேல இருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு எக்ஸ்பிரஸ்வே போடுறாங்கல்ல, 260 கிலோமீட்டர், அது கேஜிஎஃப், சித்தூர், ராணிப்பேட்டை வழியா போகுது, கிருஷ்ணகிரியைத் தொடவே தொடாது. அது முடிஞ்சதும் எல்லாரும் சென்னை பெங்களூரு இனிமே இத்தனை மணி நேரம்தான்னு புதுக் கட்டம் போடுவீங்க. கிருஷ்ணகிரிக்காரங்க அதைப் பார்த்து நமக்கும் குறைஞ்சுருச்சுன்னு நினைச்சுக்கக் கூடாது, அவங்க பழைய ரோட்டுலதான் போகணும்.

அதனால உங்ககிட்ட கேட்டுக்கிறது இதுதான். அடுத்த தடவை தூரமும் நேரமும் போடும்போது விமானத்துக்கும் வீட்டு வாசல்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் உள்ள கணக்கைப் போடுங்க. ரோட்டுக்கு நேரம் போட்டா எந்த நேரத்துக்குக் கிளம்பினா அந்த நேரம்னு ஒரு வரி சேருங்க, ராத்திரி ஒண்ணு, காலை ஒண்ணு. உங்க பேப்பருக்கு தர்மபுரி கிருஷ்ணகிரி பதிப்பு தனியா வருதுல்ல, அதுல சென்னை பெங்களூருன்னு ரெண்டு பெரிய ஊருக்கு மட்டும் போடாம, அரூர்ல இருந்து, பென்னாகரத்துல இருந்து, தேன்கனிக்கோட்டையில இருந்து, ஊத்தங்கரையில இருந்து தேவனஹள்ளிக்கும் காமலாபுரத்துக்கும் எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு ஒரே ஒரு நாள் போடுங்க. எந்த ஸ்டாண்ட் டிரைவரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, நாங்க எல்லாரும் சொல்லித் தர்றோம். அதைக் கத்தரிச்சு டிராவல் ஏஜெண்ட் கடையில ஒட்டி வெச்சாலே போதும்.

காசு செலவு பண்ண முடியாதவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். தனி கார் புடிக்க முடியலைன்னா எலக்ட்ரானிக் சிட்டியில இறங்கி ஏர்போர்ட்டுக்கு வாயு வஜ்ரா பஸ் ஏறலாம், நல்ல ஏசி பஸ், பேக் வைக்க இடம் இருக்கு. ஆனா அதுவும் அதே ரோட்டுலதான் போகும், அதனால ஃப்ளைட்டுக்கு எட்டு மணி நேரம் முன்னாடி தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல இருந்துக்கோங்க. 2025 ஆகஸ்ட்ல பொம்மசந்திரா வரைக்கும் மெட்ரோ வந்துருச்சு, ஆனா ஏர்போர்ட் பக்கம் போற மெட்ரோ லைன் வேலை இன்னும் நடந்துட்டு இருக்கு, அது முடிஞ்சு சில்க் போர்டுல மாறி ஏறுற மாதிரி ஆனா நம்ம ஜனங்களுக்கு அதுதான் பெரிய விடிவு.

அந்தப் பென்னாகரத்துப் பையன் மறுநாள் போய்ச் சேர்ந்துட்டான், நல்லா இருக்கான், பொங்கலுக்குப் போன் பண்ணினான். வர்ற சித்திரையில லீவுல வர்றானாம், அண்ணே நீங்கதான் வந்து கூட்டிட்டு வரணும்னு சொன்னான். திரும்பிப் போறப்ப எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு அவனே கேட்டான். ஃப்ளைட் எத்தனை மணிக்குன்னு பார்த்துட்டு சொல்றேன் தம்பின்னேன்.

இப்படிக்கு,
ஒரு வாடகை கார் டிரைவர்,
தர்மபுரி.